தானியத்தில் இருப்பதும் உடலில் சேர்வதும்: சுவடுத் தனிமங்களின் கணக்கு

கேள்வி இது: நாளுக்கு 300 கிராம் முழுக்கோதுமை மாவு சாப்பிடுகிற ஒருவருக்கு, உணவு அட்டவணைப்படி இரும்பும் துத்தநாகமும் ஏறக்குறைய போதிய அளவில் வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, தானியத்தையே நம்பி வாழ்பவர்களிடம் இந்த இரண்டின் குறைபாடும் பரவலாக இருப்பது ஏன்? தவிட்டில் இருந்துகொண்டு தாதுக்களைப் பற்றிக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருள்தான் காரணம் என்றால் தவிடு நீக்கிய வெள்ளை மாவே மேல் அல்லவா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை, முழு மாவுதான் மேல். ஆனால் அதைப் பக்குவப்படுத்தும் விதத்தைப் பொறுத்துத்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

100 கிராம் முழுக்கோதுமை மாவில் தோராயமாக இரும்பு 3.6 மி.கி., துத்தநாகம் 2.7 மி.கி., மாங்கனீசு 4 மி.கி., தாமிரம் 0.4 மி.கி. இருக்கும். எதுவும் செறிவூட்டாத வெள்ளை மாவில் அதே வரிசையில் 1.2, 0.7, 0.7, 0.14 மட்டுமே. கோதுமை மணியில் தாதுக்கள் பெரும்பாலும் தவிட்டின் உள் விளிம்பில் இருக்கும் அலூரான் அடுக்கிலும் முளைக்கருவிலும்தான் குவிந்திருக்கின்றன. நடுவிலுள்ள மாவுப்பகுதி பெரும்பாலும் ஸ்டார்ச்சும் புரதமும்தான். அரைத்துச் சலித்ததும் மணியின் எடையில் கால்பங்கு போகிறது; தாதுக்களிலோ முக்கால்பங்குக்கு அருகில் போய்விடுகிறது.

சிக்கல் என்னவென்றால், ஃபைட்டேட்டும் அதே அலூரான் அடுக்கில்தான் இருக்கிறது. செடி தன் அடுத்த தலைமுறைக்காகப் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் வடிவம் அது. இனோசிட்டால் என்ற வளையத்தில் ஆறு பாஸ்பேட்டுகள் ஒட்டியிருக்கும். அந்த ஆறும் சேர்ந்து இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. சிறுகுடலில் அந்தப் பிடியை அவிழ்க்கப் போதுமான நொதி மனிதர்களுக்கு இல்லை. பற்றப்பட்ட தாது அப்படியே வெளியேறிவிடும்.

இதை அளக்க ஒரு எளிய வழி மோல் விகிதம், அதாவது எடையை அல்லாமல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை ஒப்பிடும் விகிதம். உணவிலுள்ள ஃபைட்டேட்டை (மி.கி.) 660-ஆல் வகுக்க வேண்டும், துத்தநாகத்தை (மி.கி.) 65.4-ஆல் வகுக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்த விகிதம் 5-க்குக் கீழே இருந்தால் துத்தநாகத்தில் பாதியளவு சேரும், 5 முதல் 15 வரை என்றால் சுமார் 30 விழுக்காடு, 15-ஐத் தாண்டினால் 15 விழுக்காடுதான். உங்கள் 300 கிராமில் துத்தநாகம் 8.1 மி.கி.; 100 கிராமுக்கு 800 மி.கி. என்று வைத்தால் ஃபைட்டேட் 2,400 மி.கி. விகிதம் 29 வருகிறது. ஆக, சேர்வது சுமார் 1.2 மி.கி. வளர்ந்தவர் ஒருவருக்கு உடலுக்குள் போய்ச்சேர வேண்டிய துத்தநாகம் நாளுக்குச் சுமார் 3 மி.கி. அட்டவணையில் நிறைவாகத் தெரிந்தது இங்கே பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதனால்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் துத்தநாகத்துக்கு ஒற்றை அளவு தராமல், ஃபைட்டேட் உட்கொள்ளலுக்கேற்ப நான்கு அளவுகள் தந்தது. நாளுக்கு 300 மி.கி. ஃபைட்டேட் உண்ணும் பெண்ணுக்கு 7.5 மி.கி., 1,200 மி.கி. உண்பவருக்கு 12.7 மி.கி.; ஆண்களுக்கு 9.4-லிருந்து 16.3 வரை. அமெரிக்கப் பரிந்துரையான ஆணுக்கு 11, பெண்ணுக்கு 8 என்பது கலவையான உணவை மனத்தில் வைத்துச் சொன்னது. தானியமே பிரதானம் என்கிற உணவுக்கு அந்த எண்ணை எடுத்து ஒப்பிடுவது பலரும் செய்யும் தவறு.

வெள்ளை மாவின் பக்கம் வருவோம். 1980-இல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளை ரொட்டியிலிருந்து 38 விழுக்காடு துத்தநாகம் உறிஞ்சப்பட்டது, முழு மாவு ரொட்டியிலிருந்து 17 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் வெள்ளை ரொட்டி வென்றதுபோலத் தோன்றும். ஆனால் முழு மாவில் துத்தநாகம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்ததால் உடலில் உண்மையில் சேர்ந்த அளவு அதில்தான் கூடுதல். உங்கள் 300 கிராமுக்கே போட்டுப் பாருங்கள்: வெள்ளை மாவில் 2.1 மி.கி., அதில் 38 விழுக்காடு 0.8 மி.கி.; முழு மாவில் 1.2 மி.கி. விழுக்காட்டை மட்டும் சொல்லி முழுத்தானியத்தைப் பழிக்கும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். தாமிரம், மாங்கனீசு, மெக்னீசியம், நார்ச்சத்து என்று தவிட்டோடு சேர்ந்து வெளியேறுபவை வேறு நிறைய இருக்கின்றன.

இந்தப் பிரச்சினை எவ்வளவு தீவிரமாக முடியும் என்பதற்கு வரலாறே சாட்சி. ஈரானின் ஷிராஸ் பகுதியில் வளர்ச்சி குன்றி, பருவமடையாமலேயே நின்றுபோன இளைஞர்களைப் பற்றி மருத்துவர் ஆனந்த பிரசாத் 1961-இல் எழுதினார். அவர்களின் உணவு பெரும்பாலும் புளிக்காத கோதுமை ரொட்டி. மண் தின்னும் வழக்கமும் சிலரிடம் இருந்தது. எகிப்தில் நடந்த தொடர் ஆய்வுகள் 1963 வாக்கில் இது துத்தநாகக் குறைபாடு என்று நிறுவின. அதுவரை மனிதருக்குத் துத்தநாகப் பற்றாக்குறை வரும் என்றே பலர் ஏற்கவில்லை. ‘புளிக்காத’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தீர்வின் பாதி அதில் இருக்கிறது.

கோதுமை, ரை (கோதுமைக்கு உறவான தானியம்), பார்லி மூன்றிலும் ஃபைட்டேட்டைச் சிதைக்கும் ஃபைட்டேஸ் நொதி இயற்கையாகவே நிறைய உண்டு. உலர்ந்த மாவில் அது உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் விழிக்கும். பி.எச். (புளிப்பின் அளவுகோல்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 முதல் 5.5 வரை, வெப்பம் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இருக்கையில் அது மிக வேகமாக வேலை செய்யும். வெறும் மாவும் தண்ணீரும் பிசைந்தால் பி.எச். 6-க்கு மேல் இருக்கும். உடனே சுட்டுவிட்டால் நொதிக்கு நேரமே கிடைக்காது. புளித்த மாவு சேர்த்து 30 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் விட்டால் லாக்டிக் அமிலம் பி.எச்.-ஐ 5.5-க்குக் கொண்டுவந்துவிடும், ஃபைட்டேட்டில் சுமார் 70 விழுக்காடு போய்விடும். அதே நேரம் புளிக்கவிடாமல் வைத்த மாவில் 40 விழுக்காடு அளவுதான் குறையும். இன்னும் புளிக்கட்டும் என்று பி.எச். 4-க்குக் கீழே விட்டால் கோதுமையின் நொதி தளர்ந்துவிடும். ஆகவே கூடுதல் புளிப்பு கூடுதல் பலன் தராது.

ஓட்ஸ், சோளம், கம்பு, கேழ்வரகு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றில் இந்த நொதி குறைவு. ஓட்ஸில் இருப்பதும் ஆலையில் ஆவியில் வேகவைக்கும்போதே அழிந்துவிடும். அதனால்தான் ஓட்ஸை இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவைத்தும் ஃபைட்டேட் பெரிதாகக் குறைவதில்லை. இதற்கு வழி வெளியிலிருந்து நொதியைக் கொண்டுவருவதுதான். 100 கிராம் ஓட்ஸ் அல்லது வேறு தானிய மாவுக்கு 10 கிராம் வறுக்காத முழுக்கோதுமை மாவோ ரை மாவோ கலந்து, 300 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, சூடு காக்கும் பாத்திரத்தில் 50 டிகிரி அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, பிறகு கஞ்சியாகக் காய்ச்சலாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் நொதி அங்கேயே செத்துவிடும். வறுத்த மாவைக் கலந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டு தவறுகளால்தான் பலரிடம் இந்த முறை பலிப்பதில்லை. கோதுமை, ரை, பார்லி ஒத்துக்கொள்ளாத குளூட்டன் நோயாளிகளுக்கு இந்த வழி கூடவே கூடாது.

மக்காச்சோளத்தின் கதை வேறு. அதன் ஃபைட்டேட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு முளைக்கருவில், தண்ணீரில் எளிதாகக் கரையும் வடிவில் இருக்கிறது. ஆகவே மாவை நான்கு மடங்கு தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மேல் தண்ணீரை வடித்தாலே பாதி போய்விடும். கோதுமை மணியை முழுதாக ஊறவைத்து வடிப்பதில் இந்தப் பலன் கிடைக்காது.

முளைகட்டுவது கேழ்வரகு, கம்பு, சோளம் போன்றவற்றுக்கு நல்ல வழி. 12 மணி நேரம் ஊறவைத்து, 48 முதல் 72 மணி நேரம் முளைவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசி, 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி அரைக்க வேண்டும். முளைவிடும்போது பெருகும் நொதி அதிகச் சூட்டில் உலர்த்தினால் அழிந்துவிடும். மெதுவாக உலர்த்தினால் மாவைக் கரைத்து வைக்கும்போது மறுபடி வேலை செய்யும். பூஞ்சை வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். சோளத்தில் ஒரு முக்கிய எச்சரிக்கை: அதன் முளையிலும் வேரிலும் சயனைடு வெளியிடும் டூரின் என்ற பொருள் உருவாகிறது. உலர்ந்ததும் முளையையும் வேரையும் தேய்த்துப் புடைத்து நீக்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும், நன்றாக வேகவைத்துத்தான் உண்ண வேண்டும்.

இவ்வளவும் துத்தநாகத்துக்கு நன்றாகப் பலிக்கும். மேலே பார்த்த உதாரணத்தில் ஃபைட்டேட் பாதியானால் விகிதம் 15-க்குச் சற்றுக் கீழே வரும், சேர்வது கிட்டத்தட்ட இருமடங்காகும். (உடல் 15 என்ற கோட்டில் திடீரென்று மாறுவதில்லை, கணக்கின் வசதிக்கான கோடு அது.) இரும்போ வேறு மாதிரி. இரும்பை 55.85-ஆல் வகுத்து அதே விகிதத்தைப் பார்த்தால் உங்கள் மாவில் அது கிட்டத்தட்ட 19. தானியம் மட்டும் உள்ள உணவில் இரும்பு உருப்படியாகச் சேர விகிதம் 1-க்குக் கீழே, முடிந்தால் 0.4-க்குக் கீழே வர வேண்டும். அதற்கு ஃபைட்டேட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் போக வேண்டும். பாதியைக் குறைத்துவிட்டு இரும்பு ஏறவில்லையே என்று சோர்ந்துபோவது இதனால்தான்.

இரும்புக்குக் கைகொடுப்பது வைட்டமின் சி. ஃபைட்டேட் அதிகமுள்ள உணவில் இரும்பின் ஒவ்வொரு மோலுக்கும் நான்கு மோல் வைட்டமின் சி என்பது வழிகாட்டும் அளவு. 100 கிராம் முழு மாவில் 3.6 மி.கி. இரும்பு என்றால் அந்த வேளைக்குச் சுமார் 45 மி.கி. வைட்டமின் சி வேண்டும். ஒரு நடுத்தர ஆரஞ்சு அதைத் தந்துவிடும்; அரைக் கொய்யாவும் தரும். எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டியில் 6 மி.கி. அளவுதான் இருப்பதால் சில துளி பிழிவது இதற்குப் போதாது. அதே வேளையிலேயே சாப்பிட வேண்டும். காலையில் பழம், இரவில் ரொட்டி என்றால் பயனில்லை. நெடுநேரம் வேகவைத்தாலும் வைட்டமின் அழிந்துவிடும். இறைச்சியோ மீனோ சிறிதளவு சேர்ந்தாலும் இரும்பு உறிஞ்சுதல் கூடும். இந்த வைட்டமின் சி துத்தநாகத்துக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். துத்தநாகத்துக்குப் புளிக்கவைத்தல், இரும்புக்குப் பழம் என இரண்டுக்கும் இரண்டு வழிகள்.

எதிர்த்திசையில் இழுப்பவை தேநீரும் காபியும். உணவோடு குடிக்கும் கடுந்தேநீர் தாவர இரும்பின் உறிஞ்சுதலைப் பாதிக்கும் கீழே கொண்டுபோய்விடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பெரும்பகுதிப் பிரச்சினை தீரும். செந்நிறச் சோள வகைகளிலும் கேழ்வரகிலும் இரும்பைத் தடுக்கும் டானின் போன்ற பாலிபீனால் பொருள்கள் தானியத்திலேயே இருக்கின்றன. ஃபைட்டேட்டை நீக்கினாலும் இவை மிஞ்சும். ஆகவே இவற்றின் இரும்பு எண்ணை மேலும் குறைத்தே மதிப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரையையும் தானிய வேளையோடு சேர்க்காதீர்கள். கால்சியம் ஃபைட்டேட்டோடு சேர்ந்து துத்தநாகத்தை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

அட்டவணையின் இரும்பு எண்ணிலேயே இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கும். களத்து மண்ணும் அரவைக் கருவியின் தேய்மானமும் மாவில் கலந்தால் ஆய்வகம் அதையும் இரும்பு என்றே எண்ணும். கம்பு போன்ற சிறு மணிகளில் இது அதிகம் நேர்கிறது. மண்ணிலிருந்து வந்த இரும்பு உடலில் அநேகமாகச் சேராது. ஒரு மாதிரியில் இரும்பு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டினால் அதே மாதிரியில் அலுமினியத்தையும் பார்க்க வேண்டும். தானியத்தில் இயல்பாக அலுமினியம் மிகக் குறைவு. அது கூடியிருந்தால் மண் கலந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறோ இதைவிடச் சாதாரணமானது: சமைக்காத அரிசியின் எண்ணைச் சோற்றுக்குப் போடுவது. 100 கிராம் அரிசி வெந்தால் முந்நூறு கிராம் அளவுக்கு வரும், ஆகவே கணக்கு மூன்று மடங்கு தவறிவிடும்.

அரிசி பற்றிச் சுருக்கமாக. தீட்டாத அரிசியில் 100 கிராமுக்குத் துத்தநாகம் சுமார் 2 மி.கி., தீட்டியதில் 1.1. கோதுமை அளவுக்கு இழப்பில்லை, ஏனெனில் அரிசியில் துத்தநாகம் மணியின் உட்பகுதி வரை பரவியிருக்கிறது. மாங்கனீசு மட்டும் 3.7-லிருந்து 1.1-க்கு விழுந்துவிடும். தவிட்டில் கனிம ஆர்சனிக் என்ற நச்சும் சேர்வதால் தீட்டாத அரிசியையே மூன்று வேளையும் உண்பவர்கள் ஆறு மடங்கு தண்ணீரில் வேகவைத்து வடிப்பது நல்லது. கனிம ஆர்சனிக்கில் கணிசமான பங்கு அதில் வெளியேறும். கரையும் வைட்டமின்களும் சிறிது போகும்.

மாங்கனீசு, தாமிரம், மாலிப்டினம் மூன்றிலும் முழுத்தானியம் உண்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. 300 கிராம் முழுக்கோதுமையில் தாமிரம் 1.2 மி.கி. கிடைக்கிறது, தேவை 0.9. மாங்கனீசு 12 மி.கி. வருகிறது, அமெரிக்க மேல்வரம்பான 11-ஐத் தாண்டுகிறதே என்று பதற வேண்டாம். அதில் 5 விழுக்காடுகூட உறிஞ்சப்படுவதில்லை. தாமிரத்தைக் கெடுப்பது தானியம் அல்ல, துத்தநாக மாத்திரை. நாளுக்கு 50 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் எடுத்தால் குடல் தாமிரத்தைத் தடுத்துவிடும், இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். குரோமியத்தைப் பொறுத்தவரை அது இன்றியமையாதது என்பதற்கே உறுதியான சான்றில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் சொல்லிவிட்டது. அதற்காகத் தானியத்தைத் தேர்ந்தெடுப்பது வீண்.

செலினியம்தான் அட்டவணையை முற்றிலும் பொய்யாக்கும் தனிமம். செடிக்கு அது தேவையில்லை. மண்ணில் இருந்தால் உறிஞ்சும், இல்லையென்றால் இல்லை. ஒரே கோதுமை, விளைந்த இடத்தைப் பொறுத்துப் பத்து மடங்குக்கும் மேல் மாறுபடும். அமெரிக்க அட்டவணையில் 100 கிராம் முழு மாவுக்கு 60 மைக்ரோகிராம் என்றிருக்கும்; நாள் தேவையான 55 அதிலேயே முடிந்துவிடும். அந்த எண்ணைச் செலினியம் குறைந்த மண்ணில் விளைந்த கோதுமைக்குப் போட்டால் கணக்கு தலைகீழ். சீனாவின் வடகிழக்கில் கேஷான் வட்டாரத்தில் 1935-இல் பரவலாகக் கண்ட இதயத்தசை நோய், அந்த மண்ணின் செலினியக் குறைபாட்டோடு தொடர்புடையது. அதே நாட்டில் ஹூபெய் மாகாணத்தின் என்ஷி பகுதியில் 1960-களின் தொடக்கத்தில் அளவு மிஞ்சிப்போய் மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. பிரிட்டன் வட அமெரிக்கக் கோதுமையை விட்டு ஐரோப்பியக் கோதுமைக்கு மாறியதும் மக்களின் செலினிய உட்கொள்ளல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பின்லாந்து 1984-இல் உரத்திலேயே சோடியம் செலினேட்டைக் கலக்க முடிவெடுத்து, தானியம் வழியாகவே நாட்டின் நிலையைச் சீராக்கியது. செலினியம் புரதத்தோடு பிணைந்து மணி முழுவதும் இருப்பதால் வெள்ளை மாவிலும் பெருமளவு தங்கும். ஃபைட்டேட்டும் அதைத் தடுப்பதில்லை. நாள் மேல்வரம்பு 400 மைக்ரோகிராம் (ஐரோப்பாவில் 255). உங்கள் தானியம் எங்கே விளைந்தது என்று தெரியாமல் செலினிய மாத்திரை தொடங்காதீர்கள்.

அயோடினுக்கோ தானியத்தில் இடமே இல்லை. அயோடின் கலந்த உப்புதான் வழி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2009-இல் ரொட்டிக்கு அந்த உப்பையே கட்டாயமாக்கின.

வயலில் நடக்கும் மாற்றங்களும் தட்டுக்கு வருகின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் பாதுகாக்கப்படும் கோதுமை மாதிரிகளில், குட்டை ரகங்கள் வந்த 1960-களுக்குப் பின் துத்தநாகம், இரும்பு, தாமிரம் மூன்றும் குறைந்திருப்பது தெரிந்தது. மண் வறண்டுவிடவில்லை, மகசூல் கூடியதில் தாது நீர்த்துப்போனதே முக்கியக் காரணம். கரியமில வாயு 550 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 550 பங்கு) அளவுக்கு உயர்ந்த சோதனை வயல்களில் கோதுமையின் துத்தநாகம் 9 விழுக்காடும் இரும்பு 5 விழுக்காடும் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளிவந்தது. மறுபக்கம், பால்பிடிக்கும் பருவத்தில் 0.5 விழுக்காடு துத்தநாக சல்பேட் கரைசலை இலையில் தெளித்தால் மணியில் துத்தநாகம் நன்றாக ஏறுகிறது. இனவிருத்தியிலும் கோதுமைத் துத்தநாகத்தைக் கிலோவுக்கு 25-லிருந்து 37 மி.கி.க்கும், கம்பின் இரும்பை 47-லிருந்து 77-க்கும் உயர்த்தும் இலக்கோடு ரகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கிடைக்கிற இடத்தில் இவற்றைத் தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டாம்.

செறிவூட்டிய மாவு வாங்குகிறவர்கள் அட்டையில் இரும்பின் அளவோடு அதன் வடிவத்தையும் படிக்க வேண்டும். முழு மாவில் ஃபைட்டேட்டைத் தாண்டி வேலை செய்வது சோடியம் இரும்பு இடிடிஏ (NaFeEDTA) என்ற சேர்மம். வெள்ளை மாவுக்கு இரும்பு சல்பேட்டும் ஃபியூமரேட்டும் போதும். மலிவான இரும்புத்தூள் மெதுவாகவே கரைவதால் இரண்டு மடங்கு போட வேண்டும்.

கடைசியாக, இந்தக் கணக்கு எதுவும் செல்லாத ஒரு வயது உண்டு. 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தையின் வயிறு சிறியது, தேவையோ பெரியது: 7 முதல் 12 மாதத்தில் இரும்பு மட்டும் 11 மி.கி. எவ்வளவு முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் தானியக் கஞ்சி ஒன்றே அதைத் தராது. முட்டையோ மீனோ இறைச்சியோ சேர வேண்டும், அல்லது மருத்துவர் சொல்லும் செறிவூட்டிய உணவோ இரும்புச் சொட்டு மருந்தோ வேண்டும். கர்ப்பிணியின் 27 மி.கி. தேவைக்கும் அப்படியே. உங்கள் இரும்பு நிலை தெரிய வேண்டுமானால் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையையும் அதே இரத்தத்தில் கேளுங்கள். உணவு முறையை மாற்றிய பின் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.